சாட்சிக்கு வைத்த மாத்திரைகள்

ஆண்டவன் துணை.

அன்புள்ள வக்கீல் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன ஞாயிறு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நீ, நான், வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்த உன் அத்தான், கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆண்டவனும் இருந்தார், அவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று நீயே சொல்லிவிட்டாய். உன் அத்தான் மூட்டுவலிக்குத் தின்ற மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதாம், கம்பெனியே திரும்பப் பெறுகிறதாம் என்று கடைக்காரர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ மூன்று வழி சொன்னாய். கம்பெனி கொடுக்கும் நஷ்டஈட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் பிறகு வாய் திறக்க முடியாது. சிறுநீரகம் இப்போதே பாதிதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர், நாளை அந்தப் பாதியும் நின்றால் எந்தக் கதவைத் தட்டுவேன்? பாதிக்கப்பட்ட மற்றவர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டால் அத்தனை பேர் அழுகையில் என் அழுகை யார் காதில் விழும்? தனியாகப் போட்டால் இவர் கூண்டில் ஏற வேண்டும். "மாத்திரை என்னடி பண்ணிச்சு? எல்லாம் நீ போடுற உப்பு" என்று வீட்டில் சொல்வதை அங்கேயும் சொல்வார். கம்பெனி வக்கீல் இவருக்கு மாலையே போடுவான்.

அதோடு விட்டதா? மிச்ச மாத்திரைதான் வழக்குக்கு உயிர் என்றாயே, அப்போதே அட்டையோடு எண்ணிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். இருபத்திரண்டு. நேற்று தூசி தட்டப் போனால் பதினாலு! என் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? எட்டையும் சாமியா தின்றது? நேரே போய்க் கேட்டேன்.

"தின்னீங்களா?"

"இல்ல."

"அப்ப முட்டி எப்படி மடங்குது?"

"எங்கடி மடங்குது? நல்லாப் பாரு."

சாட்சியையும் தின்று உயிரையும் தின்கிறாரே தம்பி! மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். "இன்னும் போகல, போய் வேலையப் பாரு" என்கிறார்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவன் ஆயுளையும் சுகத்தையும் அளக்காமல் அள்ளிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், சிரிக்கிறார். "நான் எங்கடி தின்னேன்? உன் தம்பிதான் பஸ்சுக்குக் கிளம்பும்போது, 'அத்தான், இடுப்பு புடிச்சுக்கிச்சு, ஏதாவது இருக்கா'ன்னான். எட்டைப் பிரிச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். வலிக்கு நல்லாக் கேட்டிருக்கும்" என்கிறார். என்ன மாத்திரை என்று சொன்னீர்களா என்றேன். "அவன் கேக்கலியே!"

போன் போட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. வழக்கு கிடக்கட்டும் தம்பி. எத்தனை தின்றாய்? கால் வீங்கியிருக்கிறதா? மிச்சத்தைத் தொடாதே, இன்றே டாக்டரைப் பார். உடனே பதில் போடு.