முட்டைக்கு எக்ஸ்ரே ஆகுமா?

கொரட்டூர் வெற்றிச்செல்வன் செய்த ஒரே தப்பு, பார்சல் அலுவலகத்தில் போய் ஒரு சந்தேகம் கேட்டதுதான். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் கில்லி மீன் வளர்ப்பில் இறங்கியவர் அவர். அந்த மீனின் முட்டை, ஈரத் தேங்காய்நார்த் தூளில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தண்ணீரில் போட்டால்தான் பொரியும். கல்கத்தாவில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பழைய கூட்டாளி சுலைமானுக்கு ஒரு பொட்டலம் அனுப்பவேண்டும். முட்டை பிழைத்தால் பிழைப்பும் பிழைக்கும்.

“மேடம், ஏர்போர்ட்ல எக்ஸ்ரே உடுறாங்களே, மீன் முட்டைக்கு இன்னா ஆவும்?”

கவுன்ட்டர் மங்களம் நிமிர்ந்தார். கேட்காமலிருந்தால் அப்படியே அனுப்பியிருப்பார். கேட்டுவிட்டதால் அது ‘பரிசீலனைக்குரிய பொருள்’ ஆகிவிட்டது. மேலதிகாரி நிர்மலிடம் அனுப்பினார்.

“முட்டைக்குள்ள என்ன இருக்கு?” என்றார் நிர்மல்.

“கரு சார்.”

“கருவை ஸ்கேன் பண்ணி ஆணா பெண்ணான்னு பார்க்கிறது குற்றம். ஆஸ்பத்திரியில போர்டு பார்த்ததில்லையா?”

“இது மீனு சார்.”

“பெண்ணுன்னு தெரிஞ்சு எவனாவது பொரிக்காம விட்டா யார் பொறுப்பு?”

வெற்றிச்செல்வனுக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்ப எக்ஸ்ரே இல்லாமயே அனுப்புங்க சார்.”

“எக்ஸ்ரே ஆகாத பார்சல் விமானம் ஏறாது.”

ஆகவே, பொதுநலன் கருதி, ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. குழு என்றால் நிர்மலும் மங்களமும்தான். திரையைப் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு பொட்டலத்துக்கு விமான நிலையத்தில் எக்ஸ்ரே விட்டு, திரும்ப வரவழைத்தார்கள். பாதிப்பு உண்டா என்று அறிய ஒரே வழி, பொரிக்க வைப்பது. வாளித் தண்ணீரில் கொட்டினார்கள். அத்தனையும் பொரிந்து நீந்தின.

‘மேற்படி முட்டைகளுக்கு யாதொரு பாதிப்பும் இல்லை, அனுப்ப ஆட்சேபணை இல்லை’ என்று சான்றிதழ் கிடைத்தது.

“முட்டை எங்க சார்?”

“அதான் பொரிஞ்சிடுச்சே. உயிருள்ள மீனை நாங்க அனுப்பறதில்லை.”

வெறும் சான்றிதழைப் போட்டோ எடுத்து சுலைமானுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் போனில் புலம்பினார் வெற்றிச்செல்வன்.

“இன்னாத்துக்கு மாமே அழுவுற?” என்றார் சுலைமான். “அந்த பேப்பர கடையில மாட்டிக்கீறேன். இப்ப இங்க அல்லாரும் எக்ஸ்ரே உட்ட முட்டதான் வோணும்னு நிக்கிறாங்க. சாதா முட்டைய சீண்ட ஆளில்ல. ஊட்ல மிச்சம் கீதா?”

மறுநாள் வெற்றிச்செல்வன் புதுப் பொட்டலத்தோடு கவுன்ட்டரில் குனிந்தார். “மேடம், இதுக்கு ரெண்டு தபா எக்ஸ்ரே உட்டுடுங்க.”

பின்னால் வரிசையில், மகனுக்கு இட்லிப்பொடி அனுப்ப வந்த முத்தம்மாள் முண்டியடித்து முன்னால் வந்தார். “அவருக்கு மட்டும் ரெண்டு தபாவா? எங்க பொடி இன்னா பாவம் பண்ணுச்சு?”