இத்தாலியிலிருந்து வரவேண்டிய மரம்

கரா-தெரெக் நகரப் பசுமை இயக்ககம், மார்ச் மூன்றாம் தேதியிட்ட 114-ஆம் எண் ஆணையின்படி, கடைவீதிச் சதுக்கத்தை அழகுபடுத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இயக்ககத்தில் பூங்கா வடிவமைப்புப் படித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பசுமையை நிர்வாகம் செய்தார்கள். ஆகவே வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

சதுக்கத்தின் நடுவில் ஒரு கரகாச் மரம் நின்றது. எழுபது வயதாவது இருக்கும். குடை விரித்த மாதிரி அடர்த்தியான மரம். காலடியில் ஒரு வாய்க்கால் ஓடும். ஜூலை மாத வெயிலில் கடைவீதி மொத்தமும் அதன் கீழேதான் நிற்கும். அங்கேதான் உம்சுனை எஜே, எங்கள் பேச்சில் எஜே என்றால் அக்கா, பீப்பாய் வைத்து மக்ஸிம் விற்றார். வறுத்த தானியத்தைப் புளிக்கவைத்த அந்தப் பானம் நிழலில் மாலைவரை தாங்கும். வெயில் பட்டால் பத்து மணிக்கே பொங்கிப் போகும். அவர் வியாபாரத்தில் பாதி அந்த மரம்தான்.

"குந்துஸ், மரம் நிக்குமா? ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டார். நிற்கும் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு ஒரு பெரிய கிளாஸ் மக்ஸிமும் வாங்கிக் குடித்தேன்.

பென்சிலில், ஒரே தாளில் வரைந்தேன். மரம் இருக்கும், உடைந்த வாய்க்காலைச் சரிசெய்ய வேண்டும், நான்கு பெஞ்சு போடவேண்டும். இயக்குநர் ஜோல்தோஷ்பேக் பைகே (அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"வடிவமைப்பு எங்கம்மா?"

"இதுதான் பைகே."

"இது ஏற்கெனவே அங்க இருக்குதே. இருக்கிறதையே வரையறதுக்கா அரசாங்கம் உனக்குச் சம்பளம் குடுக்குது?"

என் திட்டத்தில் இரண்டு குறைபாடுகள் கண்டறியப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது. ஒன்று, நவீன மென்பொருள் பயன்படுத்தப்படவில்லை. இரண்டு, உத்வேகம் காணப்படவில்லை.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒன்பது பேர் கொண்ட கமிஷன் அமைந்தது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதால், கணினியில் வரையத் தெரிந்த ஒரே ஆளான என்னை அதில் சேர்க்கவில்லை. ஆனால் புரொஜெக்டரை இயக்க அழைத்தார்கள். முதல் மென்பொருள் நிலத்தின் சரிவையும் தண்ணீர் போகும் வழியையும் கணக்கிட்டுச் சொன்னது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தண்ணீருக்கே தெரியும் என்று அதை நிராகரித்தார்கள். இரண்டாவது, இன்று நட்ட கன்று முப்பது வருடத்தில் எவ்வளவு உயரம் வரும் என்று காட்டியது. முப்பது வருடம் கழித்து இங்கே இருக்கப்போகிறவர் யாராவது உண்டா என்று தலைமைக் கணக்கர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. மூன்றாவதில் வானத்தில் பறவைகள் பறந்தன. இதற்கெல்லாம் பதினான்கு மாதம் ஆனது.

அந்தப் பறவை மென்பொருளை வாங்கிய மறுநாள் பண்டகக் காப்பாளர் பெயின்ட் டப்பாவோடு வந்தார். இயக்ககத்தின் சொத்து எதுவானாலும் எண் எழுதியாக வேண்டும். நாற்காலி, திரைச்சீலை, பூந்தொட்டி எல்லாவற்றிலும் உண்டு. மென்பொருள் எங்கே என்று கேட்டார். உள்ளே என்றேன். உள்ளே எழுத முடியாது என்பதால் என் கணினித் திரையின் இடது மூலையில் 0417 என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போனார். அன்று முதல் நான் வரைகிற எல்லாப் பூங்காவிலும் அந்த மூலையில் 0417 நிற்கிறது.

உத்வேகம் மட்டும் பாக்கி. அதற்கு ஐந்து பேர் துபாய் போனார்கள். நான் போகவில்லை, வரைகிறவள் ஊரில் இல்லாவிட்டால் வேலை கெடும் அல்லவா. அறுநூறு புகைப்படம் வந்தது. ஐந்நூற்று எண்பதில் அவர்களே நீரூற்றுக்கு முன்னால் நின்றார்கள். மீதி இருபதில் பேரீச்சை மரங்கள். "மேற்படி உத்வேகம் முழுமையாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதி மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்து வரையப் பார்த்தால், மென்பொருளின் மரப் பட்டியலில் நாலாயிரம் மரம் இருந்தது. ஜப்பான் செர்ரி இருந்தது, பதினெட்டு வகைப் பனை இருந்தது. கரகாச் இல்லை. எங்கள் மலைநாட்டில் ஆட்டுக்கு அடுத்தபடி அதிகமாக இருக்கிற ஜீவன் அதுதான். ஆனால் பட்டியலில் இல்லாததை வரைபடத்தில் வைக்க முடியாது. வரைபடத்தில் இல்லாதது சதுக்கத்தில் நிற்க முடியாது. கொடுத்த வாக்கு நெஞ்சில் உறுத்தியது. கேமராவை எடுத்துக்கொண்டு போய் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தேன். இலை இலையாகக் கத்தரித்து, அது நிற்கிற அதே இடத்தில், வெட்டுப்பட்ட கிளையின் தழும்போடு படத்தில் நிறுத்தினேன். மேலே பறவைகளையும் பறக்கவிட்டேன். அட்டவணையில், விதிப்படி, லத்தீன் பெயரில் உல்முஸ் என்று குறித்தேன்.

கமிஷன் படத்தைப் பார்த்து மூச்சுவிட மறந்தது. துணை மேயரே எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இது எந்த நாட்டு மரம்?"

இந்த நாட்டு மரம், இந்த ஜன்னலைத் திறந்தால் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். பைகே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லத்தீன் பெயர் நாக்கில் இருந்ததாலோ என்னவோ, "இத்தாலி" என்று வந்துவிட்டது.

"பாருங்கய்யா, இத்தாலிக்காரன் மரத்தைக்கூட எவ்வளவு மரியாதையா வளர்த்திருக்கான். நம்ம சதுக்கத்துலயும் ஒண்ணு நிக்குதே, ஒட்டடைக் குச்சி மாதிரி" என்றார் துணை மேயர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினொரு முத்திரையோடு திட்டம் தேறியது. நேரே உம்சுனை எஜேயிடம் போய் மரம் தப்பித்தது என்றேன். இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. அலுவலகத்திலிருந்து சதுக்கத்துக்கு ஓடினேன். மேஸ்திரி கையில் என் வரைபடம். மேல் கிளைகள் ஏற்கெனவே தரையில் கிடந்தன.

"நிறுத்துப்பா! மரம் இருக்கணும்னுதான் பிளான்லயே இருக்கு."

"இருக்கு எஜே, நல்லாப் பார்த்துட்டேன். சரியா இந்த இடத்துலதான் இத்தாலி மரம் வருது. அதான் இதை எடுக்கிறோம். ரெண்டு மரம் ஒரே குழில எப்படி நிக்கும்?"

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. இதைத்தான் நான் படம் பிடிச்சேன்."

மேஸ்திரி படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "அதுல பறவை இருக்கு. இதுல இல்லையே" என்றார். ரம்பச் சத்தத்தில் பறவை ஏன் நிற்கப்போகிறது? கையெழுத்து என்னுடையது என்று வரைபடத்தின் அடியைக் காட்டினார். உம்சுனை எஜே பீப்பாயைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்ப ஓடி, பைகேயின் அறைக்குள் தட்டாமல் நுழைந்து உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார்.

"கமிஷனுக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் கொடு. இப்பவே போன் போட்டு நிறுத்துறேன். ஆனா நாளைலருந்து நீ இங்க இருக்க முடியாது, அது உனக்கே தெரியும்."

பேனாவை எடுத்தேன். பெயரை எழுதினேன். பதினேழு வருட வேலை. இன்னொரு பசுமை இயக்ககம் எங்கள் ஊரில் கிடையாது. யோசித்தேன். அப்படி ஒன்றும் அதிக நேரமில்லை, கிண்ணத்துத் தேநீர் ஆறுகிற நேரம்தான். அதற்குள் வெளியே பெரிதாக ஏதோ விழுந்தது, ரம்பம் நின்றது. பைகே தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, என் பெயரிருந்த துண்டை மட்டும் கிழித்தெடுத்துவிட்டு மீதியை இழுப்பறையில் வைத்தார்.

"காகிதமாவது மிச்சம்" என்றார்.

இத்தாலிக்கு முறைப்படி கடிதம் போனது. எழுபது வயது மரத்தைப் பெயர்த்து அனுப்பும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. துணை மேயர் திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டார். ஆகவே, மரம் வந்து சேரும்வரை இடைக்கால ஏற்பாடாக, என் படத்தையே எட்டு மீட்டர் உயரத்துக்குத் துணியில் அச்சடித்து, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இரும்புச் சட்டத்தில் கட்டி, அதே குழியில் நட்டார்கள். மூலையில் பண்டகக் காப்பாளர் மறக்காமல் 0417 எழுதினார். துணை மேயர் நாடாவை வெட்டினார். இந்த மரத்துக்குத் தண்ணீரே தேவையில்லை என்று பேச்சில் பாராட்டினார். வாய்க்காலை மூடிவிட்டார்கள்.

ஜூலை வந்தது. சதுக்கத்தில் வேறு நிழல் இல்லை. முதலில் பீப்பாயோடு துணியின் நிழலுக்குப் போனவர் உம்சுனை எஜேதான். காலையில் துணிக்கு மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம் என்று உருட்டிக்கொண்டே இருந்தார். சொக்கட்டான் ஆடுகிற கிழவர்கள் பின்னாலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நடுப்பகலில் நிழல் அறவே இருக்காது. அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் மனுப் போடவில்லை. நாலு நாளில் பழகிவிட்டது. மக்ஸிம் மட்டும் தினமும் பொங்கிப் போனது. எஜே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரலில் சனிக்கிழமைச் சிரமதானம். வருடா வருடம் வருகிற ஆணைதான்: நகரின் எல்லா மரங்களுக்கும் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்பு பூசவேண்டும், புழு ஏறாமல் இருக்க. சதுக்கத்துக்கு ஒரு மரம் என்று பட்டியலில் இருந்தது. கணக்குத் தப்பக் கூடாதே. இயக்ககம் முழுக்க வாளியும் மட்டையுமாகப் போனோம். கிழவர்கள் பலகையை ஒதுக்கி வழிவிட்டார்கள். சுண்ணாம்பு தண்ணியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் குழைக்கணும் என்று ஒருவர் சொன்னார். உப்புப் போட்டால்தான் பிடிக்கும் என்றார் இன்னொருவர். பைகே மட்டையை என் கையில் கொடுத்தார். படத்து மரத்தின் அடியில் ஒரு மீட்டர் அளந்து, கோடு தவறாமல் பூசினேன். யாரும் சிரிக்கவில்லை.

பூசி முடித்து நிமிர்ந்தபோது உம்சுனை எஜே கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இத்தாலிக்காரி, அந்தப் பக்கத்துக்கும் பூசு. புழு ரெண்டு பக்கமும் ஏறும்."

வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.