நாற்பது சிவந்த வாய்களும் என் முதல் ஆராய்ச்சியும்

மூளையைப் பற்றிப் படிப்பவர்களுக்கு மூளை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை நான் ஒரே காலையில் கெடுத்த கதை இது. பல வருடம் பழியை அம்மா மேல் போட்டுவந்தேன். (அம்மாவும் சளைக்காமல் திருப்பிப் போட்டார்.) இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிடலாம். முழுக் குற்றமும் என்னுடையதுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து ஆறே மாதம் ஆகியிருந்தது. அங்கே தலைவி ஒரு சிங்களப் பேராசிரியை. எல்லோருக்கும் அவர் மேடம். புகையிலையில் இருக்கும் நிக்கொட்டின் மூளையை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அதை முதன்முதலில் அவர் விளக்கிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூளை அணுக்களின் மேல் ஏற்பிகள் என்று நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. உடம்பு தானே சுரக்கும் ஒரு இரசாயனம் வந்து அமர்வதற்கான வாசல்கள். நிக்கொட்டின் என்ன செய்கிறது தெரியுமா? சொந்த வீடு மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தினமும் அது வருவதைப் பார்த்து மூளையும் இன்னும் நிறைய வாசல்களைக் கட்டிவைக்கிறது. ஒருநாள் அது வராவிட்டால் அத்தனை வாசலும் வெறுமையாகக் கிடந்து மனிதரைப் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் வெற்றிலையோடு போடும் புகையிலை தீர்ந்துபோனால் அம்மா ஏன் சட்டி பானையோடு சண்டை போடுகிறார் என்பதற்கு உலகத்தில் விளக்கம் இருக்கிறது! எனக்கு ஆகாயத்தில் நடப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ் கொண்டக்டருக்கே ஏற்பிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். முன்பக்கம் போன மனிதர் ரத்தோட்டை வரும்வரை பின்னால் வரவேயில்லை.

மேடத்தோடு சேர்ந்து வேலை செய்யும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் ஒரே ஓர் இடம் இருந்தது. அங்கே போனால் அந்த ஏற்பிகளையே நேரடியாக ஆராயலாம். என் பெயரை அனுப்புவதா இல்லையா என்பதை மேடம் ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார். புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்கள் இருபது பேர், போடாதவர்கள் இருபது பேர். போடுகிறவர்கள் முதல்நாள் மாலையிலிருந்து புகையிலையைத் தொடக்கூடாது. ஒரு பெட்டியில் பல்ப் எரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், எவ்வளவு வேகமாக அமுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு எச்சிலைக் குழாயில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எங்க தோட்டத்துலயே செய்யலாம் மேடம், எல்லாரும் நம்ம ஆளுங்க," என்று சிங்களத்தில் அளந்துவிட்டேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி விளக்கினேன். ஏற்பி கீற்பி என்றால் யாருக்குப் புரியும்? அதனால் பெரட்டையே உதாரணமாக எடுத்தேன். "போயில ஒரு கள்ளக் கங்காணி மாதிரி. தெனம் வந்து பெரட்டுக்கு ஆள் கூப்பிடும். மூளையும் தெனம் கூடுதலா ஆள அனுப்பும். ஒருநா அந்தக் கங்காணி வரலன்னு வைங்க, வந்த ஆளெல்லாம் வேல இல்லாம நின்னு சத்தம் போடும்."

தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் தேவராஜ் அண்ணன் கையைத் தூக்கினார். வெற்றிலை, சிகரெட், கள் எதையும் தொடாத மனிதர். "அப்ப மூளைக்குள்ளயும் சங்கம் இருக்கா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"அதான் ஏமாத்துறான்," என்றார் அவர். கூட்டம் தலையாட்டியது. மேடம் வகுப்பில் இரண்டு மணி நேரம் விளக்கியதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் அம்மா நாவுலவில் சித்தி வீட்டில் இருந்தார். சனிக்கிழமை பின்னேரம்தான் திரும்பினார். இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். தோட்டம் முழுவதற்கும் புகையிலையைப் பற்றிப் பிரசங்கம் செய்தவளுக்கு, முப்பது வருடமாகப் புகையிலை போடும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கே மனம் கோணிவிடுமோ என்று பயம். "கண்ணும் கையும் ஒழுங்கா வேல செய்யுதான்னு ஒரு டெஸ்ட்டும்மா," என்று மழுப்பினேன். ஞாயிறு காலை மேடத்தைக் கூட்டிவரக் கிளம்பும்போது இன்னும் இரண்டு வசனம் சொன்னேன். "தேத்தண்ணி மட்டும் குடுத்துறாத, டெஸ்ட் கெட்டுப்போயிரும். வர்றவங்கள நல்லாப் பாத்துக்க."

நல்லாப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

ரத்தோட்டையில் மேடத்தின் வேனில் ஏறினேன். எட்டரைக்குத் தோட்டத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது போர்க்காலம், பாலத்துக்குப் பாலம் சோதனைச் சாவடி இருந்தது. எங்களை நிறுத்திய இரண்டு சிப்பாய்களும் வேனுக்குள் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டார்கள். மேலே சிவப்பு பல்ப், பக்கத்தில் பெரிய பொத்தான், அடியில் பெட்டரியும் வயரும்.

"இது என்ன?"

மேடம் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். விஞ்ஞானத்தைப் பரப்ப இன்னொரு சந்தர்ப்பம் அல்லவா? "பயப்பட ஒண்ணுமில்ல. பல்ப் எரிஞ்சதும் இந்தப் பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான்," என்று சுத்தமான சிங்களத்தில் விளக்கி, விரலையும் பொத்தானுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

இரண்டு சிப்பாய்களும் பாய்ந்து பின்வாங்கித் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள். (என் ஏற்பிகள் அனைத்தும் அந்தக் கணத்தில் வேலைநிறுத்தம் செய்தன.) மேலதிகாரி வந்து, கடிதங்களைப் படித்து, யார் யாருக்கோ தொலைபேசி எடுத்து, கடைசியில் மேடமே பெட்டியை மடியில் வைத்துப் பொத்தானை அமுக்கிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. தோட்டத்துக்கு ஒரு தகவல் சொல்லவும் வழியில்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது பேரும் எங்கள் லயத்துக்கு முன்னால் இருந்தார்கள். முதல்நாள் மாலையிலிருந்து புகையிலை இல்லாதவர்கள் எரிந்து விழுவார்கள் என்று மேடத்தை வழியெல்லாம் எச்சரித்துக்கொண்டு வந்திருந்தேன். பார்த்தால் ஒரே சிரிப்பும் பேச்சும். கல்யாண வீடு தோற்றது.

"ரொம்ப ஒத்துழைப்பான ஆட்கள்," என்றார் மேடம். நான் பெருமையில் பூரித்துப்போனேன்.

பக்கத்திலிருந்த பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், பெட்டியை வைத்துத் தொடங்கினோம். முதலில் போடுகிறவர்கள். புகையிலை இல்லாமல் மந்தமாக இருக்க வேண்டிய ராக்கம்மா அக்கா பல்ப் எரிவதற்கு முன்பே பொத்தானை அமுக்குவார்போல் இருந்தது. அடுத்தவரும் அப்படி. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது விசித்திரமாக இருக்கிறதே." நான் துள்ளினேன். உலகம் இதுவரை அறியாத ஒன்றை எங்கள் தோட்டத்து மூளைகள் காட்டிவிட்டன, இனி வெளிநாடு என்னைக் கெஞ்சிக் கூப்பிடும் என்றே நினைத்தேன்.

அப்புறம் ராக்கம்மா அக்கா எச்சில் குழாயைத் திருப்பித் தந்தார். உள்ளே சிவப்பு.

அடுத்த குழாயும் சிவப்பு. வெளியே எட்டிப் பார்த்தேன். வாசலில் அம்மா. கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் நறுக்கிய புகையிலை மலைபோல. போடாதவர்கள் வரிசைக்கு இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, தொடக்கூடாதுன்னு சொன்னேனே," என்று ராக்கம்மா அக்காவைப் பிடித்தேன்.

"நாங்க தொடலயே பாப்பா. எங்க வீட்டுல சுருக்குப்பையக் கூடத் தொறக்கல. ஒங்கம்மா தட்ட நீட்டுறாங்க. அவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வேணாம்னா, நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா?"

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வீட்டுக்காரர் நீட்டிய தட்டைத் தள்ளினால் பகை என்று அர்த்தம். போடுகிறவர்கள் ஆசைக்கு எடுத்தார்கள், போடாதவர்கள் மரியாதைக்கு எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து தேவராஜ் அண்ணன் நாற்காலிக்கு வந்தார். வாயை இறுக மூடியிருந்தார். ஒரு பேராசிரியைக்கு முன்னால் துப்புவது மரியாதை இல்லை என்று, வாழ்க்கையில் முதல்தடவையாகப் போட்ட புகையிலைச் சாற்றை அப்படியே விழுங்கியிருக்கிறார். பல்ப் எரிந்தது. அண்ணன் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்து, மெதுவாக மேடத்தின் தோளில் சாய்ந்தார்.

தண்ணீர் தெளித்து, வாந்தி எடுக்க வைத்து, சீனித் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். கண்ணைத் திறந்து, "தங்கச்சி, உள்ள எல்லாரும் ஒரேயடியாப் பெரட்டுக்கு வந்துட்டாங்க," என்றார்.

மேடம் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா கொதித்துப்போனார்.

"பத்து மணி வரைக்கும் நாப்பது பேரு வாசல்ல காயுறாங்க. தேத்தண்ணி குடுக்காதன்னுட்ட. நல்லாப் பாத்துக்கன்னும் சொன்ன. அப்ப வெத்தலயும் குடுக்காம வெறும் வாயோட ஒக்காத்தி வைக்கவா? போயில கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனக்கு என்ன வாய் வலி?"

மேடத்திடம் திரும்பி, "சின்னத் தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்கிறார்," என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். மேடம் என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். இதற்குள் அம்மா கோபத்தோடு கோபமாகத் தட்டை அவர் முன்னாலும் நீட்டிவிட்டார். இருபது வருடம் நிக்கொட்டினோடு மல்லுக்கட்டியவர் இரண்டு கைகளாலும் வெற்றிலையை எடுத்து, பாக்கை வைத்து, புகையிலையை மட்டும் விட்டுவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.

வேனில் ஏறுமுன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "நாற்பது பேருக்கு விளக்கினாய். ஒருவருக்குச் சொல்லப் பயந்தாய். முதலில் அதை முடி. இந்த வருடம் உன் பெயரை அனுப்பப் போவதில்லை." வேன் வளைவில் மறையும்வரை நின்று அழுதேன். வெட்கம் ஒரு பக்கம், ஆசைப்பட்டது கைநழுவிய வலி ஒரு பக்கம்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கள்ளக் கங்காணி உட்பட. அம்மா மனம் கோணவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கூடுதலா வந்த அந்த ஆளுங்க எப்ப வீட்டுக்குத் திரும்பிப் போவாங்க?" சில வாரத்தில் என்றேன். மறுமாதம் பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் அம்மாதான். பல்ப் எரிந்து அணைந்த பிறகு பொத்தானை அமுக்கி, பல்பைத் திட்டினார். குழாய்கள் எல்லாம் வெள்ளையாக வந்தன. அடுத்த வருடம் என் பெயர் போனது. (அம்மா புகையிலையை விட்டார். தீபாவளிக்குக் கள்ளக் கங்காணியையும் ஆட்களையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பிறகு மறுபடி விட்டார்.)

வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்து வந்த பிறகு என் கல்யாணம் மாத்தளையில் நடந்தது. மேடம் வந்தார். மண்டப வாசலில் அம்மா அதே பித்தளைத் தட்டோடு நின்றார். மேடம் கையை நீட்டப்போய், நிறுத்தி, அட்சரம் பிசகாத தமிழில் கேட்டார்.

"இன்னைக்கு டெஸ்ட் ஒண்ணும் இல்லயேம்மா?"

பக்கத்தில் நின்ற நான் கத்தியேவிட்டேன். "மேடம், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"மாத்தள டவுன்ல பொறந்தவளுக்குத் தமிழ் தெரியாதா? நீ கேக்கவே இல்லயே," என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேட்டதா ஒங்க மக சொன்னா."

"நானா?" என்றார் அம்மா. மணவறைக்குப் போக வேண்டிய நான் வாசலிலேயே முழு விளக்கமும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்றும் எங்கள் வீட்டில் யார் தட்டை நீட்டினாலும், "டெஸ்ட் இல்லயே?" என்று கேட்காமல் யாரும் கை வைப்பதில்லை. நான் எதையாவது மொழிபெயர்த்தால் ஒருவரும் நம்புவதும் இல்லை.