எருமைமுறிப்பு ஒக்ஸ்போர்ட் ஆன வரலாறு

உலகக் கட்டடக் கலையில் நிகரற்ற இடம் இரண்டே இரண்டு ஊர்களுக்குத்தான் உண்டு. ஒன்று ஒக்ஸ்போர்ட். மற்றது, மல்லாவியிலிருந்து நாலு கட்டை தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் எருமைமுறிப்பு. முன்னதைக் கட்டி முடிக்க எழுநூறு வருடம் பிடித்தது. பின்னது 1961ஆம் ஆண்டு ஆவணியில் தொடங்கி ஐப்பசிக்குள் முடிந்துவிட்டது. இந்த வேகத்துக்கான பெருமை முழுவதும் கிராமச் சங்கத் தலைவர் ஏரம்பு அவர்களையே சாரும். ஊர் அவரைச் 'சேர்மன்' என்றுதான் அழைக்கும். வீட்டிலும் அப்படித்தான் அழைக்கவேண்டும் என்று கேள்வி.

அந்த வருடம் கிராமச் சங்கத் தலைவர்கள் சிலரை அரசாங்கம் 'உள்ளூராட்சி அனுபவம்' பெறுவதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தது. சேர்மன் ஒக்ஸ்போர்ட்டில் முழுதாக இரண்டு நாள் தங்கினார். நகரத்தின் கலைச் செல்வம் முழுவதையும் தெருவில் நின்றபடியே ஆராய்ந்து முடித்தார். ஒரு கம்பளிக் கோட்டும், ஒரு கறுப்புக் குடையும், இருபத்துநாலு படத் தபாலட்டைகளும், கொஞ்சம் கழுத்து வலியுமாக ஊர் திரும்பினார்.

இந்த உயர்ந்த விடயங்கள் ஒன்றும் அன்னபாக்கியம் ரீச்சரின் மனத்தில் இல்லை. பாவம், அவருக்குக் கூரை ஒன்றுதான் கவலை. அவர் தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தின் கூரை போன மாரியில் விழுந்துவிட்டது. அதோடு, ஊர்ச் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒன்பது பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகியிருந்தார்கள். பாஸ் பண்ணினால் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். கூரை இருந்தால் எருமைமுறிப்பிலேயே பரீட்சை நிலையம் போடலாம் என்று கல்விக் கந்தோர் எழுதியிருந்தது. இல்லாவிட்டால் வவுனியாவுக்குப் போகவேண்டும். மார்கழி மாதத்தில் ஆறு விட்டால்தானே போகலாம். இதற்காகவே கந்தோர் அறுபது தகரமும் சீமெந்தும் லொறியில் அனுப்பியிருந்தது.

தகரத்தைக் கூரையில் ஏற்றுவது பற்றிப் பேசத்தான் சேர்மன் ஊர்க் கூட்டம் கூட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ரீச்சர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். சேர்மன் தபாலட்டைகளைச் சபைக்குள் விட்டார்.

"இதுதான் குவாட்ராங்கிள்," என்றார். "நாலு பக்கமும் மதில். நடுவிலை புல்லு. மேலை வானம்."

"கூரை, ஐயா?" என்று கேட்டார் ரீச்சர்.

"ரீச்சர், நான் ரெண்டு நாள் அண்ணாந்து பார்த்தனான். கோபுரம் கண்டனான். மணிக்கூடு கண்டனான். வாயாலை தண்ணி கக்கிற கல் மிருகம் கண்டனான். கூரை எண்ட சாமான் என்ரை கண்ணிலை படேல்லை."

"உள்ளுக்குப் போய்ப் பார்க்கேல்லையோ?"

"உள்ளுக்குப் படிக்கிற ஆக்களைத்தான் விடுவினமாம். வாசல்லை தொப்பியோடை ஒருத்தன் நிண்டவன்."

மல்லாவிச் சந்தையில் துணி விற்கும் மீராசாகிபு எழுந்தார். ஒன்பது பேரில் கெட்டிக்காரியான றம்ஸியா அவருடைய மகள். "மழை வந்தா என்ன செய்யிறது சேர்மன்?"

"அங்கை நாளும் பொழுதும் மழைதான். ஒரு படிச்ச மனுசனாவது கரைஞ்சு போனதாக் கேள்விப்பட்டீங்களோ?"

அறுபது தகரத்தையும் சூளைக்காரனிடம் கொடுத்துச் செங்கல் வாங்கும் தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. ஒக்ஸ்போர்ட் விளங்காதவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? எல்லோரும் கை தூக்கினார்கள். ரீச்சரின் கையும் பாதி உயர்ந்தது. காரியதரிசி அதை முழுக்கையாகப் பதிந்துகொண்டார்.

சிற்ப வேலை மேசன் சிற்றம்பலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பது வருடமாக நீர்ப்பாசனத்துக்குத் துருசு கட்டியவர் அவர். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் துருசைத் தவிர வேறொன்றும் அவர் கட்டியதில்லை. கட்டிய துருசு ஒன்றும் ஒழுகியதுமில்லை. கோபுரத் தபாலட்டையை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"வயல் எந்தப் பக்கம்?"

இதை ஆழ்ந்த கலைக் கேள்வியாக எடுத்துக்கொண்ட சேர்மன், புல் வரப்போகும் நடு முற்றத்தைக் காட்டினார். ஆகவே கோபுரத்தின் உச்சியில் மழை பிடிக்க ஒரு தொட்டி எழுந்தது. கல் மிருகம் எப்படியிருக்கும் என்று தெரியாததால், தெரிந்த மிருகமான குளத்து முதலையின் தலைகள் எட்டு வந்தன. எட்டும் உள்ளே பார்த்தபடி வாயைப் பிளந்தன.

"ஒக்ஸ்போர்ட்டிலை வெளியாலைதான் துப்பினது," என்று சேர்மன் சற்றுச் சந்தேகப்பட்டார்.

"அவங்களுக்குத் தண்ணியின்ரை அருமை தெரியேல்லை ஐயா," என்றார் சிற்றம்பலம்.

புல்தரைக்குப் பொறுப்பானவர் மயில்வாகனம். குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி பெற்றவர். 'ஒரே மட்டம், ஒரே பச்சை' என்பதே அவருக்குக் கிடைத்த கட்டளை. அவர் போய்ப் பார்த்தார். நிலம் மட்டமாயிருந்தது. நாலு பக்கமும் வரம்புபோல மதில் இருந்தது. மேலே எட்டு வாய்த் துருசு இருந்தது. இதைப் பார்த்தும் நெல் விதைக்காமல் திரும்பிவர வன்னியில் ஒரு கமக்காரனால் முடியுமா? முளை விட்ட பச்சையைக் கண்டு சேர்மன் உருகிப்போனார். 'கல்விமான்கள் தவிர எவரும் புல்லில் நடக்கலாகாது' என்று உடனே ஒரு பலகை நட்டார். ஊரில் அப்படி ஒருவரும் இல்லாததால் பயிருக்குச் சேதம் வரவில்லை. பிள்ளைகள் வெளியே பாலை மரத்தின் கீழ் படித்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. எட்டு முதலைகளும் ஒரே நேரத்தில் கக்கின. ஊர் திரண்டு கைதட்டியது. சேர்மன் கம்பளிக் கோட்டோடு நனைந்தபடி நின்று, "இதுதான் ஒக்ஸ்போர்ட் மணம்," என்றார். அது கோட்டின் மணம்.

கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி இரண்டு வசனம் எழுதினார். 'கட்டடம் கலையழகு மிக்கது. கூரையின்மையால் பரீட்சை நிலையம் அமைக்க இயலாது.' சேர்மன் முதல் வசனத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிராமச் சங்கத்தில் மாட்டினார். இரண்டாவதை ரீச்சர் வைத்துக்கொண்டார்.

பரீட்சை நாள் விடியவே ஒன்பது பிள்ளைகளும் ரீச்சரும், ஆற்றுக்கு அக்கரையில் வவுனியா பஸ்ஸைப் பிடிக்க மயில்வாகனத்தின் மாட்டு வண்டியில் புறப்பட்டார்கள். ஆறு கரை முட்டி ஓடியது. மாடு இறங்க மறுத்தது. மத்தியானம் வரையும் கரையிலேயே நின்றார்கள். றம்ஸியா இரண்டு பக்கமும் கூராக்கிய பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்ப கணக்குப் பேப்பர் குடுத்திருப்பினம், என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். அன்னபாக்கியம் அழுதார். பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று தெரிந்துகொண்டேதான் அழுதார்.

மாசியில் பள்ளிக்கூடம் அறுவடையானது. அந்தப் பகுதியிலேயே சிறந்த விளைச்சல் என்று தெரியவந்ததும், கேடயம் கொடுக்க, அந்தப் பகுதிக்கே பெரிய அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ. ஐயா ஜீப்பில் வந்திறங்கினார். மாலை போட்டார்கள். முதலைகளுக்கும் போட்டார்கள்.

டி.ஆர்.ஓ. பள்ளிக்கூடத்தில் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தவராய், "இந்த வருசம் பெறுபேறு எப்பிடி?" என்று விசாரித்தார்.

"ஏழு மூடை, ஐயா," என்றார் சேர்மன்.

"சோதினைப் பெறுபேற்றைக் கேட்டனான்."

சபை ரீச்சரைப் பார்த்தது. அவர் தம் கைப்பட எழுதிவரும் பாடசாலைச் சம்பவத்திரட்டைத் திறந்து நீட்டினார். அரசாங்கப் புத்தகம் ஆகையால் டி.ஆர்.ஓ. எழுந்து நின்று, ஒலிவாங்கிக்கு முன்னால் உரத்த குரலில் வாசித்தார்:

"இவ்வருடம் பரீட்சை எழுதியோர்: எவருமில்லை. பிள்ளைகளிடம் குறையெதுவும் காணப்படவில்லை. ஊர்ப் பெரியவர்கள், தலைமையாசிரியை உட்பட, ஒன்பது பிள்ளைகளின் தலைக்கு வந்த கூரையைக் கொடுத்து, எட்டு முதலைகளுக்குத் தலை செய்தார்கள்."