தேவதூதன் கொடுத்த 142857

குமாசி நகரமே அந்த ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்துக்கு ஓடியது. மலையில் பட்டினி கிடந்த பெனாயா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் ஓர் எண்ணைக் கொடுத்தானாம்: 142857. பட்டினி கிடந்தவரின் தொந்தி மட்டும் ஏனோ வற்றவில்லை.

"ஞாயிறு ஒண்ணு, திங்கள் ரெண்டு! உங்க பிறந்த கிழமையால பெருக்குங்க!" என்று முழங்கினார் பெனாயா.

பிறந்த கிழமையையே பெயராக வைத்துக்கொள்ளும் ஊர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திங்கட்காரர்கள் செல்போனில் பெருக்கினார்கள்: 285714. செவ்வாய்க்காரர்களுக்கு 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு.

"ஆத்துமா சுத்தி வருது, உடையல!" என்றார் தீர்க்கதரிசி. பந்தல் அதிர்ந்தது.

சனிக்கிழமைக்காரர்கள் ஏழால் பெருக்கினால் மட்டும் 999999. "பாருங்க, எல்லா இலக்கத்தையும் விழுங்கிட்டாங்க! வீட்டையும் விழுங்குவாங்க!" பரிகாரம் ஆளுக்கொரு செம்மறிக்கடா. பந்தலுக்குப் பின்னால், சனிக்கிழமைக்காரர்கள் அதற்குள் கொண்டுவந்து கட்டிய ஒரு மந்தை கத்திக்கொண்டிருந்தது.

துணிக்கடை நடத்தும் அமா போமா சனிக்கிழமைக்காரி. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். பக்கத்தில் நின்ற வருங்கால மாமியார் அகோசுவா அவள் கையை உதறினாள்.

"ஆறு ஒன்பதை என் வீட்டுக்குள்ள விடமாட்டேம்மா. கல்யாணம் கிடையாது."

"குவாபெனா, நீயாவது சொல்லு!"

"அம்மா சொல்றாங்களே..." மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அமாவுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அவளும் செல்போனை எடுத்தாள்; பெருக்கிப் பார்த்தாள், வகுத்தும் பார்த்தாள். பிறகு நேரே போய்த் தீர்க்கதரிசியின் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் ஒண்ணை ஏழால வகுங்க!"

வகுத்தார்கள். 0.142857142857 என்று திரையில் ஓடியது.

"தேவதூதன் மலையில இல்ல, உங்க போன்ல இருக்கான்! ஏழால வகுத்து வந்ததை ஏழால பெருக்கினா, ஒன்பதா வந்து நிக்காம வேற என்ன பண்ணும்?"

"வகுக்கிறது பிசாசு வேலை!" என்று கத்தினார் தீர்க்கதரிசி.

"சரி, பெருக்கவே செய்வோம். நம்ம ஊர் கெஜெட்டியா சந்தைக்கு வாரம் திங்கள்ல தொடங்குது. அப்படி எண்ணுங்க. நான் ஆறு: 857142. கடா இல்லாமலே சுத்தமாயிட்டேன்! ஞாயித்துக்கிழமைக்காரங்க இப்ப ஏழு. பெருக்கிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைக்காரி அகோசுவா பெருக்கினாள். 999999. திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

அமா தீர்க்கதரிசி பக்கம் திரும்பினாள். "அய்யா, உங்க அம்மா வெச்ச பேரு என்ன?"

அவர் மந்தைப் பக்கம் நகர்ந்தார். அவரோடு ஒன்றாய்ப் படித்த ஒருத்தர் கூட்டத்திலிருந்து கூவினார்: "குவாசி! அசல் ஞாயித்துக்கிழமை!"

"கடவுளையே நாம குவாமேன்னுதான் கூப்பிடுறோம், சனிக்கிழமைக்காரர்னு. அவர்கிட்டயும் ஒரு கடா கேட்டீங்களா அய்யா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தீர்க்கதரிசி மந்தைக்குள் புகுந்து மறைந்தார். அவரவர் கடாவைத் தேடிப் பிடிப்பதில் ஊர் மும்முரமானது.

அகோசுவா மெதுவாக வந்தாள். "அமா, நாள் குறிச்சது குறிச்சதாவே இருக்கட்டும். ஆனா... எனக்கு ஆறு ஒன்பது வந்துடுச்சே. ஏதாவது கழிப்பு செய்யணுமா?"

அமா அவளையும் பார்த்தாள், இன்னும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்த குவாபெனாவையும் பார்த்தாள்.

"கல்யாணத்தைப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன் அத்தை. அதுவரைக்கும் நீங்களும் உங்க பையனும் கொஞ்சம் யோசிச்சுப் பழகுங்க. அதுக்குக் கடா வேண்டாம், தலை இருந்தா போதும்."