பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்ட்

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு அதைக் கழற்றிப் பூட்டவும் தெரியும் என்று எங்கள் சனம் முழுக்க நம்புகிறது. நம்பாத ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். ஆனால் அது வாயைத் திறந்து சொல்லாது. நானும் சொல்லவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தென்லண்டனில், மிச்சம் என்கிற எங்கள் ஊரில், வீட்டைச் சுற்றி யாருடைய பிரிண்டர் அடம்பிடித்தாலும் அம்மா என்னைத்தான் அனுப்புவார். நான் போய் வயரைக் கழற்றி, மறுபடி கொளுவிவிட்டு, தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வருவேன். முக்கால்வாசி அதிலேயே சரிவந்துவிடும். (சரிவராவிட்டால், "இது பழசு அன்ரி, புதுசு வாங்குங்கோ" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிடுவேன்.) இப்படிக் கிடைத்த பேரை நம்பித்தான் அந்த விபரீதத்தில் இறங்கினேன்.

வினை பாரிஸிலிருந்து வந்தது. அங்கே இருக்கிற மாமாவின் மகன் கஜனோடு ஒன்லைனில் சுடுகிற விளையாட்டு விளையாடுவேன். எங்கள் லாப்டாப்பில் படம் விக்கி விக்கித்தான் நகரும். எதிரி வருவதை நான் பார்ப்பதற்குள் எதிரி என்னைச் சுட்டு, என் பிணத்தைச் சுற்றி ஆடிவிட்டுப் போயிருப்பான். எதிரி கஜன்தான். "என்ன மயூ, அதில சிலை மாதிரி நிண்டனி?" என்று பல்லைக் காட்டுவான். நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் இவனை ஒரு கை பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

லாப்டாப் என்னுடையது என்றால் பிரச்சினையில்லை. அது அபிராமி அக்காவுடையது. அடுத்த ஞாயிறு அக்காவைக் கனடா மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை பேசின சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்திலேயே படுத்துவிட்டன. இந்த மாப்பிள்ளை பிரதீபனின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா முதல்தரமாக "பாப்பம்" என்று சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்பது "ஓம்" என்பதற்கு முந்தின ஸ்டேஷன். லாப்டாப்பைப் பெரிய ரிவித் திரையில் கொளுவ வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

"போனில பாத்தால் மூக்கு மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளையை முழுசாப் பாக்கவேணும்."

அந்தச் சந்தர்ப்பத்தை நான் பிடித்துக்கொண்டேன். "கிராபிக்ஸ் கார்ட் மாத்தினால் மாப்பிள்ளை இன்னும் வடிவாத் தெரிவார் அம்மா."

(பச்சைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வீடியோ அழைப்புக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.)

அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை இது வேலை செய்யாட்டி உன்னைக் கொன்றுபோடுவன், சொல்லிப்போட்டன்."

கார்ட் வந்தது. பெட்டியைத் தூக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில், இரண்டு காற்றாடி வைத்த சாமான் இருந்தது. லாப்டாப்போ தோசைத் தடிப்பு. காற்றாடியைக் கழற்றினால் உள்ளே சின்னதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது மேசைக் கம்ப்யூட்டருக்கானது என்று பெட்டியில் போட்டிருந்ததாம். பெட்டியை யார் வாசிக்கிறார்கள்?

அம்மா விடவில்லை. எங்கள் வீட்டில் கார் வாங்கினாலும் காஸ் அடுப்பு வாங்கினாலும் முதலில் கோயிலுக்குப் போய்த்தான் வரும். ஞாயிறு காலை கார்டையும் பட்டுத்துண்டில் வைத்துக் கொண்டுபோனோம். ஐயர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன அம்மா, மோட்டரோ?"

"கொம்பியூட்டற்ற மூளை ஐயா. மகளின்ர கலியாண விசயம். அபிராமி, உத்தர நட்சத்திரம்."

ஐயர் குறை வைக்கவில்லை. சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து ஒவ்வொரு காற்றாடியின் நடுவிலும் வைத்து, மேலே குங்குமம் போட்டு, ஒரு முழம் மல்லிகையும் சுற்றித் தந்தார். அர்ச்சனை கார்டுக்கு நடந்ததா அக்காவுக்கு நடந்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பின்னேரம் மூன்றரைக்கு அழைப்பு. நாலரைக்கு ராகுகாலம் தொடங்க முதல் கதைத்து முடிக்க வேண்டும். நான் மதியச் சோற்றோடு வேலையைத் தொடங்கினேன். ஆணிகளைக் கழற்றிக் கைக்கெட்டிய கிண்ணத்தில் போட்டேன். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்த்தபடி அதே கிண்ணத்தில் கையை விட்டார். அது மிக்சர் கிண்ணம்.

"பிள்ளை, இந்தக் கடலை ஒருமாதிரிக் கடினமாக் கிடக்கு."

"ஐயோ அப்பா, துப்புங்கோ!"

ஒருவழியாக மூடி திறந்தது. கார்டைச் செருக இடம் தேடினேன். இடமில்லை. எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள்கூட அதைவிட இடமிருக்கும். அதற்குப் பிறகுதான் போனை எடுத்துத் தேடினேன். முதல் வரியிலேயே இருந்தது: பெரும்பாலான லாப்டாப்களில் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், கழற்றி மாற்ற முடியாது.

சத்தம் போடாமல் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். சுவிட்சை அமத்தினேன். திரை கறுப்பு. மறுபடி அமத்தினேன். முருகா, என்னைக் காப்பாற்று என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா சேலை கட்டி, பூ வைத்து, படியால் இறங்கி வந்தாள். அவ்வளவு வடிவாக அவளை நான் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது.

"அக்கா, இது வேலை செய்யுதில்லை."

அவள் என்னைக் கொல்லவில்லை. கதிரையில் பொத்தென்று இருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"உனக்கென்ன விசரே? இருந்ததையும் கெடுத்துப்போட்டியே!" என்று அம்மா தலையில் கைவைக்கும்போதே அக்காவின் போன் அடித்தது. வேறு வழியில்லை. மேசையில் ஒரு செம்பில் போனைச் சாத்தி வைத்து நாலு பேரும் நெருக்கியடித்து இருந்தோம். கனடாவுக்குத் தெரிந்தது எங்கள் நாலு மூக்கும்தான். இரண்டு பக்கமும் குளிரைப் பற்றிக் கதைத்தோம். அங்கேதான் கூடுதலான குளிர் என்று முடிவானது. மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார், அக்கா தன் மடியைப் பார்த்தாள். சம்பந்தம் எங்கள் கண்முன்னால் விறைத்துக்கொண்டிருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் தாயார் கேட்டார், "பின்னால அலுமாரியில என்ன சாமி வைச்சிருக்கிறியள்? பாத்த மாதிரி இல்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இடமில்லாமல் நான் அலுமாரித் தட்டில் வைத்த கார்ட், பொட்டும் பூவுமாகக் கொலுவிருந்தது.

"அது... எங்கட குலதெய்வம்," என்றார் அம்மா, கூசாமல்.

மாப்பிள்ளை முதல்தரமாகத் தலை நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். "அன்ரி, அது கிராபிக்ஸ் கார்ட் எல்லே?"

அவ்வளவுதான், அக்கா சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து ஏலாமல், மூக்கால் சத்தம் வந்து, கண் மை வழிய வழியச் சிரித்தாள். ஐயர் கேட்டதிலிருந்து அப்பா கடித்த ஆணி வரை ஒன்றும் விடாமல் அவளே சொன்னாள். கனடாவில் அந்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, பற்றரி வயரைக் கழற்றினனீங்களோ?"

"ஓம்."

"திரும்பக் கொளுவினனீங்களோ?"

ஊரார் பிரிண்டருக்கெல்லாம் வயர் கொளுவின மகராசி நான். போய் மூடியைத் திறந்தேன். அவர் வழிசொல்ல, அக்கா போனைப் பிடிக்க, வயரைக் கொளுவினேன். லாப்டாப் கண் திறந்தது. மாப்பிள்ளை ரிவியில் முழுசாகத் தெரிந்தார். நல்ல உயரம். மணி நாலே முக்கால்.

"ஐயோ, ராகுகாலம்!" என்றார் அம்மா. பிறகு யோசித்து, "இல்லை, பிள்ளை சிரிச்சது நாலரைக்கு முதல். அதுதான் கணக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அக்கா இப்போது ரொறன்ரோவில். அத்தான் எந்தக் கொண்டாட்டத்திலும் யாராவது லாப்டாப்பைத் திறந்தால், "முதல்ல சந்தனம் கொண்டு வாங்கோ" என்பார். கலியாண மேடையில் நான் அவர்கள் காலில் விழுந்தபோதும் என் காதுக்குள் "பற்றரி வயர்?" என்று கேட்ட மனுஷன் அவர்.

கார்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, காற்றாடிக்குள் குங்குமம் இறங்கிவிட்டது. அது எங்கள் சாமியறையில் இருந்தது. பிறகு டூட்டிங்கில் ஒரு அன்ரி, மகனுக்குச் சம்பந்தம் ஒன்றும் சரிவரவில்லை என்று இரவல் வாங்கிப்போனார். சரிவந்தது. அதற்குப் பிறகு சட்டனில் ஒரு வீட்டுக்குப் போனது. அங்கேயும் சரிவந்தது. இதுவரை ஒரு கம்ப்யூட்டரிலும் ஏறாத கார்ட், தென்லண்டன் முழுக்க வேலை செய்துகொண்டு திரிகிறது. நானோ இன்னும் விக்கி விக்கிச் சுட்டு, கஜனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை அது சட்டனிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா தூசி துடைத்து, புதுச் சந்தனம் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உன்ர நட்சத்திரம் பூரட்டாதி எல்லே?"