கடைசி நட்டு வரைக்கும்

"கடைசி நட்டு வரைக்கும் அல்லாமே என்னுதுதான் சார்" என்று தேசப்பன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்துப் பட்டறை பாக்கியநாதன் உள்ளே வந்து, "அண்ணே, பட்டறைய விக்கிறியாமே? என் கம்ப்ரசர எடுத்துக்கினு போறேன்" என்றான்.

கவரைப்பேட்டையில் கூலிக்கு லேத் ஓட்டி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் அளவுக்குத் தேசப்பன் வளர்த்த பட்டறை அது. வாங்க வந்த சந்திரமோகனிடம் எழுதியே கொடுத்திருந்தார்: உள்ளே இருப்பதெல்லாம் எனக்குச் சொந்தம், வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை, பட்டறை ஓட எதுவும் குறையில்லை.

"அது நான் வாங்கினதுடா!"

"ஒன்னுதுதான் வெள்ளத்துல முழுகிப்போச்சே. நான்தான குடுத்தேன்? மறந்துட்டியா?"

வெள்ளம் வந்தது உண்மை. கம்ப்ரசர் முழுகியது தேசப்பனுக்கு ஞாபகமில்லை. ஆனால் வெளியாள் எதிரில் தகராறு பண்ணுவது அவர் கௌரவத்துக்கு ஆகாது. பாக்கியநாதனை ஓரங்கட்டி, "என் கிரைண்டர எடுத்துக்கோ, கம்ப்ரசர உட்டுடு" என்றார்.

கிரைண்டர் வாசலைத் தாண்டியதுமே சந்திரமோகன் கேட்டார்: "அது இல்லாம பட்டறை எப்படிங்க ஓடும்? எதுவும் குறையில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"இதோ வந்துட்டேன் சார்."

எதிர்ப் பட்டறை அன்புராஜிடம் ஓடி ஒரு கிரைண்டர் கேட்டார். அவன் கிரைண்டரோடு கூடவே வந்தான். "இந்தாண்ணே. அப்பிடியே நம்ம வெல்டிங் மிஷின ஏத்திக்கட்டா?"

"அது எப்படா ஒன்னுது ஆச்சு?"

"எப்பவுமே என்னுதுதானே!"

சந்திரமோகன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லேத்தாவது உங்களுதா?"

தேசப்பனுக்குச் சுருக்கென்றது. "சார், அந்த லேத்த இந்தக் கையால ஓட்டித்தான் ரெண்டு பசங்கள இன்ஜினியர் ஆக்கினேன். அத்த எவனாவது தன்னுதுன்னு சொல்லட்டும், பாக்கலாம்!"

ஒருவரும் சொல்லவில்லை. டீக்கடை கங்கம்மா மட்டும் உள்ளே வந்து, "சார், கொஞ்சம் எழுந்திரிங்க. அந்தப் பெஞ்சு எங்க கடையுது" என்றாள்.

எழுந்த சந்திரமோகன் நேராகப் போய்க் காரில்தான் உட்கார்ந்தார்.

கார் போனது. தேசப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் லேத்தைப் போட்டார். இரும்பு சுருள் சுருளாக உதிர உதிர, தொங்கியிருந்த தோள் தானாக நிமிர்ந்தது.

"போவட்டும். இத்த வாங்கறதுக்கும் ஒரு தகுதி வேணும்!"

திரும்பினால், வாசலைத் தாண்டிப் போன அவருடைய கிரைண்டர் பழைய இடத்துக்கே வந்திருந்தது. வெல்டிங் மிஷினை யாரும் தொடவில்லை. பாக்கியநாதனும் அன்புராஜும் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்கள்.

"இன்னாடா, எடுத்துக்கினு போவலியா?"

கங்கம்மாதான் பதில் சொன்னாள்: "அல்லாம் உன்னுதுதான் நைனா. 'பட்டறைய வித்துட்டு அந்த மனுசன் நாள்பூரா ஊட்ல உக்காந்துகினா என் கதி இன்னா ஆவறது'ன்னு உன் பொஞ்சாதிதான் எங்க அல்லார் கால்லயும் உழாத கொறையா கெஞ்சிச்சு!"